ஞாயிறு மூன்று மணிக் காட்டேரி

டயகமைத் தேயிலைத் தோட்டத்தில் வைரவனோடு பேசிப் பழகாதவர்களுக்கும் அவருடைய சிரிப்பு பழக்கம். ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணி தாண்டினால் தொழிலாளர் வரிசைவீடுகளில் ஆறாம் நம்பர் லயத்தின் கடைசிக் காம்பராவிலிருந்து ஒரு பெண் அலறுவது கேட்கும். அதன் வாலைப் பிடித்தாற்போல் ஓர் ஆண் வயிறு குலுங்கச் சிரிப்பதும் கேட்கும். தோட்டத்துக்குப் புதியவர்கள் பதறிப்போய் வாசலில் எட்டிப் பார்ப்பார்கள். அலறியது டீவி. சிரித்தது வைரவன்.

வயது ஐம்பத்தாறு. தேயிலைத் தொழிற்சாலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். அங்கே கொழுந்து வாட்டும் மாடியில் முப்பத்து நாலு வருச வேலை. எதைக் கேட்டாலும் ஒரு சொல்லில் முடித்துவிடுகிற மனிதர். ஆனால் இரத்தம் குடிக்கிற ஆவிகளைப் பற்றிக் கேட்டுவிட்டால் போதும், கேட்டவர் பஸ்ஸைத் தவறவிட வேண்டியதுதான். எந்தப் படத்தில் எவனைச் சிலுவை காட்டி விரட்டினார்கள், எவன் கண்ணாடியில் தெரியாமல் போய் மாட்டிக்கொண்டான், எவன் வௌவாலாகி ஜன்னலில் முட்டிக்கொண்டான் என்று வரிசை பிசகாமல் வந்து விழும்.

அந்தக் கிறுக்கு பிடித்தது பதினேழு வயதில். உத்தியோகத்தர் கிளப்பில் தோட்டத்தின் முதல் டீவி வந்திருந்த காலம். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்க்க லயத்து ஆட்களையும் விட்டார்கள். ஒருநாள் பழைய கறுப்பு வெள்ளைப் படமொன்று ஓடியது. பேச்சு இங்கிலீஷ், அடியில் எழுத்து சிங்களம். வைரவனுக்கு இரண்டும் அரைகுறை. கறுப்பு அங்கி போட்ட ஒரு பிரபு, நீளமான மேசையின் ஒரு முனையில் தனியாக உட்கார்ந்திருந்தான். முன்னால் தட்டுத் தட்டாகச் சாப்பாடு. ஒரு வாய் தொடவில்லை. அவன் மெல்ல உதட்டைப் பிரித்துப் பல்லைக் காட்டியதும் கூட நின்ற பையன்கள் ஓட்டம் பிடித்தார்கள். வைரவன் கடைசி எழுத்து ஓடும்வரை நின்றார். நானூறு வருசம் சாகாமல் இருந்தும் பேச்சுத் துணைக்கு ஒருத்தர் இல்லையே என்றுதான் அவருக்குத் தோன்றியது. பயம் வரவேண்டிய இடத்தில் பரிதாபம் வந்து உட்கார்ந்துகொண்டது. பிறகு அது எழுந்து போகவே இல்லை.

மகள் கௌசிக்கு எட்டு வயதானபோது மனைவி பரிமளம் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அம்மாவைக் கேட்டு அழுகிற பிள்ளையை ஞாயிற்றுக்கிழமையில் என்ன செய்வது என்று தெரியாமல் வைரவன் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, தலை பின்னிவிட்டபடியே படம் பார்க்கத் தொடங்கினார். டிஷ் வந்த பிறகு மூன்று மணிக்குத் தமிழில் குரல் மாற்றிய படங்கள் வந்தன. பேய் வருகிற இடத்தில் பின்னலை இறுக்கிப் பிடித்துவிடுவார். "அப்பா, வலிக்குது! அவன் அவ கழுத்தத்தான் கடிக்கிறான், நீங்க எதுக்கு என் முடியப் புடிக்கிறீங்க?" என்பாள் கௌசி. வளர்ந்த பிறகும் இருவரும் அப்படியே உட்கார்ந்தார்கள். பின்னல் மட்டும் நின்றுபோனது. பயம் போய்விட்டதால் படத்தோடு வழக்காடத் தொடங்கியிருந்தார்கள்.

"வெயில் பட்டா சாம்பலாயிருவானாம்பா."

"டயகமையில வெயிலுக்கு எங்க போறது? இங்க வந்தான்னா இன்னும் நூறு வருசம் சொகமா இருப்பான்."

"வீட்டுக்காரங்க கூப்பிடாம உள்ள வர மாட்டானாம்பா."

"பாரு, நம்ம லயத்து ஆளுங்கள விட மரியாத தெரிஞ்சவன்."

"பூண்டு வாசம் ஆகாது."

"அப்ப சரிப்படாது. பக்கத்துக் காம்பராவுல ஒங்க அத்த வைக்கிற ரசத்துக்கு அவன் கீழ பெரட்டுக்களத்தத் தாண்டி வர மாட்டான்."

பக்கத்துக் காம்பராவிலிருந்து பதில் வரும். லயத்துச் சுவருக்கு அந்தக் காலத்திலிருந்தே காது உண்டு. "ஏன்டா வைரவா, என் ரசத்த ஏன்டா இழுக்குற?" அது வைரவனின் அக்கா மீனம்மா. வைரவனுக்குக் கறுப்பு வெள்ளைப் படங்கள்தான் உசத்தி. கலர்ப் படத்தில் இரத்தத்தைச் சிவப்பாகக் கொட்டிக் காட்டுவது அவருக்கு நாகரிகமாகப் படவில்லை. "கறுப்பு வெள்ளையில ரத்தமும் தேத்தண்ணியும் ஒரே நெறம். அவன் குடிக்கிறதப் பாத்தா நமக்கும் குடிக்கணும்னு இருக்கும்," என்பார். சொல்லிவிட்டு எழுந்து போய்க் கேத்தலை அடுப்பில் வைப்பார்.

கௌசிக்குக் கலியாணமானது. மாப்பிள்ளை சதீஸ்குமாருக்குக் கொழும்பில் ஒரு கடையில் வேலை. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது வழக்கம். தாய் குவைத்தில் இருந்தாள், கேட்ட லீவு கிடைக்கவில்லை. ஆகவே அந்தத் தாய்வீடு வைரவனாகவே இருக்க வேண்டியதாயிற்று. ஐந்தாம் மாதம் கௌசி பையோடு வந்து இறங்கினாள். வைரவன் மாடி வேலையைக் காலை முறைக்கு மாற்றிக்கொண்டார். பகல் இரண்டரைக்கு வீட்டில் இருப்பார். கீரை ஆய்ந்தார். கிளினிக் அட்டையை ஒரு பொலித்தீன் உறையில் போட்டுச் சாமிப்படத்துக்குப் பின்னால் வைத்தார். மாத்திரைகளை நேரம் தவறாமல் தன் கையாலேயே கொடுத்தார்.

வினை வந்தது ஒரு சொல்லில். குரல் மாற்றுகிற இந்தியாக்காரர்கள் அந்தப் பிரபுக்களுக்கெல்லாம் வைத்த பெயர் இரத்தக் காட்டேரி. வைரவன் வீட்டிலும் அவை காட்டேரிப் படங்கள்தான். இத்தனை வருசமாக அதில் யாருக்கும் உறுத்தல் இல்லை. ஆனால் அந்த லயத்தில் காட்டேரி என்றால் வேறு ஆள். ஓடைக்கரையில் சவுக்கு மரத்தடியில் கல்லாக இருக்கிறாள். வயிற்றில் இருக்கிற பிள்ளை மேலும், அதைச் சுமக்கிறவளின் இரத்தத்தின் மேலும் அவளுக்கு ஆசை என்பார்கள். ஏழாம் மாதத்தில் கருவாடும் அவித்த முட்டையும் படைத்துவிட்டால் அவளே காவலுக்கு நிற்பாள். அதுவரை புள்ளத்தாச்சி இருக்கிற வீட்டில் அவள் பெயரை எடுக்கக்கூடாது. ஓடைக்காரி என்றுதான் சொல்வார்கள்.

அந்த ஞாயிறு டீவியில் ஒரு கிழவர் தொண்டை கிழியக் கத்தினார்: "காட்டேரி இந்த வீட்டுக்குள் வந்துவிட்டது!"

மீனம்மா அகப்பையோடு ஓடி வந்தாள். டீவியை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் வயரைப் பிடுங்கினாள்.

"புத்தி இருக்காடா ஒனக்கு? வயித்துப் புள்ளக்காரிய பக்கத்துல வச்சுக்கிட்டு அவ பேர வீட்டுக்குள்ள கூப்பிட விடுறியே!"

"அக்கா, இது வெள்ளக்காரன். நம்ம ஆத்தா வேற, இவன் வேற."

"பேரு ஒண்ணுதானே? கூப்பிட்டா யாருக்குத் தெரியும் எவ வருவான்னு?"

வைரவன் சிரித்தார். கௌசியும் சிரித்தாள். மீனம்மா சிரிக்கவில்லை.

பத்தாம் நாள் கிளினிக்கில் இரத்தம் எடுத்தார்கள். மிட்வைஃப் பிரேமினி ஹட்டன் பஜாரில் புடவைக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. வேலைக்கு வந்து ஒரு வருசமும் ஆகவில்லை. அட்டையைப் பார்த்துவிட்டுப் பேனாவை மேசையில் வைத்தாள். முதலில் பதினொன்று இருந்தது. இப்போது எட்டு புள்ளி ஆறு.

"ரத்தம் ரொம்பக் கொறைஞ்சிருக்கு ஐயா. இப்பிடியே போனா நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ரத்தம் ஏத்த வேண்டி வரும். பொறக்கிற நேரத்துல கூடுதலாப் போச்சுன்னா தாங்க மாட்டாங்க. மாத்திரைய ரெண்டு வேளையாக்குறேன். சாப்பிட்டப் பொறகு தண்ணியோட குடுங்க, தவற விடாதீங்க."

வைரவன் தலையாட்டினார். ஆட்டிய தலைக்குள் அந்தச் சொல் மட்டும் நின்றது: ரத்தம். கௌசிக்கு முன்னால் பரிமளத்துக்கு ஒரு பிள்ளை பிறந்து தங்கவில்லை. அன்று பரிமளத்துக்கு இரத்தம் நிற்காமல் போனதும், கொழுந்து லொறியில் படங்கு விரித்துப் படுக்க வைத்துக்கொண்டு போனதும், லொறி நின்ற பிறகு தன் கையைப் பார்த்ததும் அவருக்கு முப்பது வருசத்துக்கு முந்திய விசயமாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டீவி மேல் ஒரு துவாயைப் போட்டு மூடினார். மீனம்மா வாசலில் நின்றாள். அவள் "நான் சொன்னேன்ல" என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் சொல்லவில்லை, துவாயைப் பார்த்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பரிமளம் போனில் வெடித்தாள். "நான் அங்க இல்லன்னுதானே இந்தக் கூத்து? எட்டு வயசுப் புள்ளக்கிக் காட்டுனீங்க, சரின்னு இருந்தேன். வயித்துல இருக்கிறதுக்குமா காட்டணும்?" சிக்னல் அறுந்து போன் திரையில் அவள் முகம் உறைந்து நின்றது. சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. வைரவன் நாற்பது வருசம் பார்த்த படங்களில் கழுத்தைக் கொடுத்தவள் எல்லாம் நாளுக்கு நாள் வெளுத்துப் போவாள். வீட்டுக்காரர்களுக்குக் காரணம் தெரியாது. இப்போது தினமும் காலையில் கௌசியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெளுப்பாகத்தான் இருந்தது.

"அப்பா, என் கழுத்தையும் பாத்துருங்க," என்றாள் அவள்.

அவர் சிரிக்காததைக் கண்டு அவளும் வாயை மூடிக்கொண்டாள்.

ஏழாம் மாதப் படையலுக்கு மீனம்மாவோடு வைரவன்தான் போனார். ஓடைக்கரையில் கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, கருவாடும் முட்டையும் கறுப்பு வளையலும் வைத்தார்கள். மீனம்மா வேண்டி முடித்த பிறகும் வைரவன் எழுந்திருக்கவில்லை. கல்லைப் பார்த்து, பெரிய துரையிடம் முறையிடுகிற குரலில் சொன்னார்:

"ஆத்தா, அந்தப் படத்துல ஒன் பேர வச்சது நான் இல்ல. டப்பிங்காரன். கூப்பிட்டதும் நான் இல்ல, அதுல வர்ற கெழவன். ஆனா சிரிச்சது நாந்தான். அதுக்கு என்னப் புடிச்சுக்க. பச்சப் புள்ளய விட்ரு."

"டப்பிங்காரன்னா யாருடா?" என்றாள் மீனம்மா மெதுவாக.

"இந்தியாவுல இருக்கான்."

"அங்கயும் ஆத்தா இருக்கா. அவனுக்கு அவ பதில் சொல்லுவா. நீ எந்திரி."

அதன் பிறகு வைரவன் தன்னால் ஆனதில் ஒரு குறையும் வைக்கவில்லை. காலைச் சாப்பாடு ஆனதும் ஒரு மாத்திரை, பகல் சாப்பாடு ஆனதும் ஒரு மாத்திரை. மாத்திரை சீக்கிரம் உடம்பில் இறங்கட்டும் என்று தண்ணியைச் சுடச்சுட, சாயம் கூட்டி, ஸ்டோரில் கொடுக்கிற தூளில் நல்லதாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்தார்.

நாலு வாரம் கழித்து மறுபடி இரத்தம் எடுத்தார்கள். எட்டு புள்ளி நாலு.

அந்த வாரம் கொழுந்து வாட்டும் மாடியில் மின்விசிறி இரைச்சலுக்குள் நின்றுகொண்டிருந்த வைரவனை, மேற்பார்வை பார்க்கிற கண்டாக்கு இரண்டு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது. சனிக்கிழமை வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்து, கௌசிக்குச் சோறு போட்டு, மாத்திரையையும் கோப்பையையும் எடுத்தபோது வாசலில் குடையை மடக்கும் சத்தம் கேட்டது. பிரேமினி வீடு வீடாகப் புள்ளத்தாச்சிகளைப் பார்க்க வந்திருந்தாள். சப்பாத்தில் ஏறியிருந்த அட்டைப் பூச்சியைக் குச்சியால் தட்டிவிட்டு நிமிர்ந்தவள் அப்படியே நின்றாள்.

"என்ன ஐயா குடுக்குறீங்க?"

"மாத்திரை மிஸ். நேரம் தவற விடல."

"அது தெரியுது. மத்தக் கையில?"

"தண்ணி."

பிரேமினி வந்து கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். அடி தெரியாத கறுஞ்சிவப்பு.

"இதுவா தண்ணி?"

"தண்ணிதான் மிஸ். ஒங்களுக்கும் ஒரு தண்ணி ஊத்தட்டுமா?"

"நான் சொன்ன தண்ணி பைப்புல வர்றதுங்க!"

"அது பச்சத் தண்ணியில்ல?" என்றார் வைரவன். "பச்சத் தண்ணின்னு நீங்க சொல்லலியே மிஸ். தண்ணியோட குடுக்கச் சொன்னீங்க."

பிரேமினி முட்டியில் கைவைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். ஹட்டன் பஜாரில் தண்ணி என்றால் தண்ணி. இந்த லயத்தில் தண்ணி என்றால் தேத்தண்ணி. விருந்தாளிக்குத் தண்ணி வேண்டுமா என்று கேட்டு வெறும் தண்ணியைக் கொடுத்தால் அது பகையில் முடியும். ஒரு வருசமாக எத்தனை லயத்தில் எத்தனை பேரிடம் இதே வார்த்தையைச் சொல்லியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தவள்போல் அவள் முகம் போயிற்று.

"பிழை என்னோடதும்தான் ஐயா. கேளுங்க. இந்த மாத்திரையில இருக்கிறது இரும்புச் சத்து. தேயிலைச் சாயம் அதப் புடிச்சு வச்சுக்கும், ரத்தத்துல சேர விடாது. நீங்க ரெண்டு வேள மாத்திரையும் குடுத்து, அது சேராம இருக்க மருந்தும் கூடவே குடுத்திருக்கீங்க."

வைரவன் கோப்பையைப் பார்த்தார்.

"அப்ப எம் மகளோட ரத்தத்தக் குடிச்சது..."

"ஆவியும் இல்ல, பேயும் இல்ல. ஒங்க கேத்தல்."

"நாந்தானா மிஸ்?" என்றார் வைரவன். கேட்டவரின் குரலில் பயம் இல்லை என்பதைப் பிரேமினி கவனித்தாள். அவளுக்குக் காரணம் விளங்கவில்லை. கௌசிக்கு விளங்கியது. ஆறு வாரமாக அப்பா கல்லுக்கும் கண்ணுக்குத் தெரியாத பல்லுக்கும் பயந்துகொண்டிருந்தார். இப்போது குற்றவாளி அடுப்பு மேல் உட்கார்ந்திருந்தான். மூக்கும் மூடியும் வைத்த அலுமினியக் கேத்தல். அவனை இறக்கி வைக்கச் சிலுவை தேவையில்லை, ஒரு பிடிதுணி போதும். வைரவன் சுவரில் சாய்ந்து, மெல்லச் சரிந்து, தரையில் உட்கார்ந்தார். முதலில் தோள் குலுங்கியது. பிறகு அந்தச் சிரிப்பு வந்தது.

சுவருக்கு அப்பாலிருந்து மீனம்மா கேட்டாள்: "என்னடா? என்ன ஆச்சு? படம் போட்டுட்டியா?"

அன்றிலிருந்து பிரேமினி சொன்னபடி மாத்திரைக்குத் தேசிக்காய், அதாவது எலுமிச்சை, பிழிந்த பச்சத் தண்ணி. தேத்தண்ணி குடிப்பதென்றால் இரண்டு மணித்தியாலம் கழித்து, அரைக் கோப்பை. மறுநாள் ஞாயிறு. மூன்று மணிக்குக் கௌசி தானே போய் டீவி மேலிருந்த துவாயை எடுத்தாள்.

"பாவம்பா அந்த மனுசன். ஆறு வாரமாப் பெட்டிக்குள்ளயே கெடக்கான்."

"அக்கா திட்டும்."

"சத்தத்தக் கொறைச்சு வச்சுப் பாப்போம். யாரும் பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தானே?"

சத்தமில்லாமல் பார்த்தார்கள். அதிர்ஷ்டத்துக்கு அன்று கறுப்பு வெள்ளை. அரை மணி நேரம் போனதும் மீனம்மா வந்து வாசல்படியில் உட்கார்ந்து, முகத்தை வெளியே திருப்பிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கழுத்து மட்டும் உள்ளே திரும்பியது. "இவன் ஏன்டா சாப்பிடாமப் பாத்துக்கிட்டே இருக்கான்? வயித்துல கோளாறா?" என்றாள்.

அடுத்த கிளினிக்கில் பத்து புள்ளி ஒன்று. பிரேமினி எண்ணை அட்டையில் எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுக் காட்டினாள். வைரவன் இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வாசித்தாள். ஆத்தா கைவிடவில்லை என்றாள் மீனம்மா; தேசிக்காய் கைவிடவில்லை என்றாள் பிரேமினி. வைரவன் இருவருக்கும் ஆமாம் போட்டார்.

ஆனாலும் உள்ளே ஒரு மூலையில் அந்த லொறி நின்றுகொண்டேதான் இருந்தது. வலி கண்டு கௌசியை நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன காலையில் அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சதீஸ்குமார் கொழும்பிலிருந்து பஸ் மாறி மாறி வந்து சேர்ந்தான். தேவைப்பட்டால் இரத்தம் கொடுப்பதென்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள். வார்டு வாசலில் மர வாங்கில் உட்கார்ந்ததுமே வைரவன் இடது சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டிவிட்டுக் கையை மடியில் நீட்டி வைத்துக்கொண்டார்.

"மாமா, கேட்டாப் பாத்துக்கலாம். குளிருது, எறக்கி விடுங்க."

"கேக்குற நேரத்துல சுருட்டிக்கிட்டு நிக்கக் கூடாது மாப்பிள்ள."

பதினொரு மணிக்குக் கதவு திறந்தது. சிங்கள நேர்ஸ் ஒருத்தி எட்டிப் பார்த்து, கௌசியின் பெயரைச் சொல்லி, பெண் பிள்ளை என்றாள். வைரவன் எழுந்து, நீட்டிய கையை அவளிடம் காட்டினார். அவள் அந்தக் கையைப் பார்த்தாள். நரம்பு புடைத்து, தேயிலைத் தூசி படிந்து, குளிரில் மயிர்க்கூச்செறிந்து நின்ற கை.

"லே ஓன நே, அப்பச்சி," என்றாள். பிறகு இவருக்கு விளங்கவில்லையோ என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "ரத்தம் வேணாம். அம்மா நல்லம். பபா நல்லம்."

வைரவனுக்கு முதலில் சொன்னதே விளங்கியிருந்தது. இரண்டாம் தரம் கேட்பதற்காகத்தான் பேசாமல் நின்றார்.

குவைத்துக்கு எடுத்தபோது பரிமளம் ஒரே மணியில் எடுத்தாள். "என்னங்க? சொல்லுங்க, என்னங்க?"

"ரத்தம் வேணாமாம் பரிமளம்," என்றார் வைரவன். "வேணாமாம்."

அந்தப் பக்கம் அவள் அழத் தொடங்கினாள். இவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்கு நடந்தார். வெளியே பனிமூட்டம் தரையைத் தொட்டுக் கிடந்தது. போவோர் வருவோரெல்லாம் தொப்பியும் கம்பளிச் சட்டையுமாய்ப் போனார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு மனிதர், இடது கையை மட்டும் தோள்வரை திறந்து போட்டபடி, அதை இறக்கிவிட வேண்டுமென்ற நினைவே இல்லாமல், மனைவி அழுது முடிக்கட்டும் என்று நின்றுகொண்டிருந்தார்.